அஸ்காட் வேடிக்கை

“ஜூன் மாதம் வந்தால் மற்றப் பத்திரிகைகளெல்லாம் இங்கிலாந்து தேசத்து அஸ்காட் குதிரைப் பந்தயப் படங்களை வெளியிடுகின்றன. தங்கள் பத்திரிகையில் மட்டும் அவற்றைக் காணோம். அந்த அரச குடும்பத்தின் மீது தங்களுக்கு இன்னும் பகையா?” என்று நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கேள்வி மரியாதையாகக் கேட்கப்பட்டிருக்கிறது; மறுமொழியையும் மரியாதையாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பகை ஒன்றுமில்லை. நம்மை ஆண்டவர்கள் கப்பலேறிப் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. போனவர் வீட்டுக் கலியாணத்தில் யார் எதை உடுத்திக்கொண்டு நின்றார்கள் என்பதைப்பற்றி நமக்கு வயிற்றெரிச்சல் வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் படங்களை வெறும் தொப்பிப் படங்கள் என்று பார்க்க நம்மால் முடியவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிட உத்தேசம்.

வின்ஸர் கோட்டையிலிருந்து சுமார் ஆறு மைல் தூரத்தில் அஸ்காட் மைதானம் இருக்கிறது. 1711-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆன் ராணியின் விருப்பப்படி அங்கே முதற் பந்தயம் ஓடிற்று. பரிசு நூறு கினி. நிலம் இன்றும் இங்கிலாந்து முடிக்குச் சொந்தமானது. ஜூன் மாதத்தில் நடக்கும் ராஜ பந்தயம் முன்பெல்லாம் நான்கு நாள் விழாவாக இருந்தது. 2002-ல் எலிஸபெத் ராணி பட்டத்துக்கு வந்த பொன்விழாவை முன்னிட்டு ஐந்தாம் நாள் ஒன்று சேர்ந்தது, சேர்ந்தது நிலைத்துவிட்டது. விழா நாட்களில் பிற்பகலில் அரச குடும்பத்தார் திறந்த சாரட்டுகளில் அமர்ந்து, சாம்பல் நிறக் குதிரைகள் இழுக்க, பந்தயக் குதிரைகள் ஓடும் நேர்பாதையிலேயே பவனி வருவார்கள். நான்காம் ஜார்ஜ் மன்னர் 1825-ல் ஏற்படுத்திய வழக்கம் இது. பவனி முடிந்த பிறகுதான் முதற் பந்தயம்.

பவனியைப் பார்க்கக் கூடும் ஜனங்களுக்குள் பல வகுப்புண்டு. எல்லாவற்றுக்கும் மேலானது ‘ராயல் என்குளோஷர்’ என்று அவர்கள் வழங்கும் ராஜ அடைப்பு. அதற்குள் நுழையும் ஆண்மகன் பகற்காலத்து நீண்ட கோட்டும், உட்சட்டையும், கழுத்து டையும், கறுப்புப் பூட்ஸும், கறுப்பு அல்லது சாம்பல் நிறமுள்ள உயர்ந்த தொப்பியும் அணிந்திருக்க வேண்டும். அந்தத் தொப்பியை நினைத்த இடத்தில் கழற்றவும் கூடாது. கழற்றலாமென்று குறித்த இடங்களில்தான் கழற்றலாம். ஸ்திரீகளுக்கு விதி இன்னும் நுட்பமானது. பாவாடை முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கலாம், அதற்கு மேல் ஏறலாகாது. தோள்பட்டை வார் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சிறகும் பூவும் வைத்த சிறு தலையணிகளைத் தொப்பியென்று சொல்லி வருவது பெருகிப் போகவே, 2012-ல் விதியைத் திருத்தி, தலையில் வைப்பதன் அடிப்பாகம் குறைந்தது நான்கு அங்குல அகலம் இருக்க வேண்டுமென்று கட்டளையிட்டார்கள். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் வெயில் தாங்க முடியவில்லை. கோட்டைக் கழற்ற அனுமதி கொடுத்தார்கள், எப்போது? அரச பவனி கடந்துபோன பின்னர்! அதுவரையில் கனவான்கள் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

சிரிப்பு வருகிறதல்லவா? நமக்கும் வந்தது. ஆனால் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சென்னைப் பட்டணத்துச் சித்திரை வெயிலில் ஹைக்கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய வக்கீல் கூட்டத்தைச் சேர்ந்தவன் எவனும் இந்த விஷயத்தில் அதிகமாகச் சிரிக்காமலிருப்பதே விவேகம். அவர்களுக்காவது ஆண்டில் ஐந்து நாள்.

எலிஸபெத் ராணி உயிரோடிருந்த காலத்தில், இன்று ராணி எந்த நிறத் தொப்பியணிந்து வருவார் என்பதன் பேரிலேயே பந்தயக்காரர்கள் பணம் வாங்கினார்கள். அந்தப் பந்தயத்துக்குக் குதிரையும் வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம். அஸ்காட் விழாவின் உட்பொருளை அறிந்தவர்கள் அந்தப் பந்தயக்காரர்கள்தாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அடைப்பு என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1813-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வின்ஸர் காட்டு நிலங்களை அடைத்துப் பங்கிடுவதற்கான சட்டம் அது. அக்காலத்து இங்கிலாந்தில் இத்தகைய சட்டங்கள் ஏராளமாகப் பிறந்தன. ஏழைக் குடியானவன் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வந்த பொதுநிலத்தைச் சுற்றி வேலி விழும். வேலிக்கு உள்ளே இருப்பது பத்திரம் உள்ளவனுக்குச் சொந்தமாகும். பத்திரமில்லாதவன் பட்டணத்து ஆலைக்குக் கூலியாகப் போவான். வின்ஸர் காட்டுக்கு வேலியிட்ட அந்தச் சட்டம் அஸ்காட் வெளியை மட்டும் பொதுஜனங்களுக்குரிய பந்தய மைதானமாக என்றைக்கும் விட்டுவைக்க வேண்டுமென்று விதித்தது. மாடு மேயக் கூடாத இடத்தில் குதிரை ஓடலாம் என்றாயிற்று. இதை ஜனங்களுக்குச் செய்த பெரும் உபகாரமாகச் சொல்லுவோரும் உண்டு. ஓரளவு உபகாரந்தான், மைதானமாவது மிஞ்சிற்றே. ஆனால் எல்லோருக்கும் என்று சட்டம் ஒதுக்கிய அந்த வெளிக்குள்ளேயே அடுத்த முப்பது ஆண்டுகளில் இன்னொரு வேலி எழும்பிற்று. 1822-ல் நான்காம் ஜார்ஜ் தமக்கும் தம்மால் அழைக்கப்பட்டவர்களுக்கும் தனி மண்டபம் கட்டுவித்தார். 1845-ல் ராஜ அடைப்பு முறையாக ஏற்பட்டது.

இந்த இரண்டாவது வேலிக்குப் பத்திரம் கிடையாது, சிபாரிசுதான். முன்னமே பல ஆண்டுகள் உள்ளே வந்து பழகியவர் கைகாட்டினால்தான் புதியவர் வரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னரின் பிரதிநிதியாக அஸ்காட்டை நிர்வகித்த சர்ச்சில் பிரபு, தமக்கு வரும் மனுக்களை மூன்று கூடைகளில் போடுவாராம்: ‘கட்டாயம்’, ‘பார்க்கலாம்’, ‘கூடவே கூடாது’. விவாகரத்து ஆனவர்களுக்கு 1955 வரையில் ராஜ அடைப்பில் இடமில்லை. இந்த விதியை அறிந்தபோது நாம் வியந்துபோனோம். ஏனெனில் அஸ்காட் பவனியை ஏற்படுத்திய நான்காம் ஜார்ஜ் யார்? தம் மனைவி காரோலினை விலக்கிவிடும்பொருட்டு 1820-ல் பார்லிமெண்டிலேயே மசோதா கொண்டுவரச் செய்தவர். பிரபுக்கள் சபையில் சொற்ப வித்தியாசத்தில் தேறிய அந்த மசோதா, ஜனங்களின் கூச்சலுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. மறு ஆண்டு பட்டாபிஷேகத்தின்போது, மனைவியை ஆலய வாசலிலேயே தடுத்துத் திருப்பியனுப்பினார். அந்தப் புண்ணியவான் வகுத்த பாதையில் நின்றுகொண்டு, விவாகரத்து ஆனவர்கள் உள்ளே வரலாகாது என்று நூறு ஆண்டுக்கு மேல் ஒழுக்கம் காத்திருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே இருந்தவன் ஒருவனைப்பற்றிச் சொல்ல வேண்டும். நமது கட்டுரைக்கு முக்கியமானவன் அவனே. அவன் பெயர் டென்னிஸ் காலின்ஸ். இங்கிலாந்தின் கடற்படையில் ஊழியஞ் செய்து ஒரு காலை இழந்தவன், மரக்காலால் நடந்தவன். கிரீன்விச் நகரில் முதிய மாலுமிகளுக்காக இருந்த தர்ம விடுதியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே மேற்பார்வையாளன் ஒருவனோடு வந்த சச்சரவில் விடுதியிலிருந்து நீக்கப்பட்டான். உபகாரச் சம்பளமும் போயிற்று. கடற்படை அதிகாரிகளுக்கு மனுச் செய்தான், பயனில்லை. மன்னருக்கு மனுச் செய்தான், அதற்கும் பயனில்லை. அப்போது மன்னராயிருந்த நான்காம் வில்லியம் தாமே கடற்படையில் இளமையைக் கழித்தவர். ‘மாலுமி மன்னர்’ என்று ஜனங்கள் செல்லமாக அழைத்தார்கள். மாலுமி மன்னருக்கு மாலுமியின் மனு எட்டவில்லை.

1832-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ந் தேதி காலின்ஸ் அஸ்காட்டுக்குப் போனான். கந்தல் உடை, மரக்கால். மன்னர் மண்டபத்தின் பலகணியில் வந்து நின்றார். காலின்ஸ் கல்லை எடுத்து வீசினான். ஒரு கல் மன்னரின் தொப்பியிற் பட்டது. தொப்பி கனமானதால் மன்னருக்குப் பெருங்காயமில்லை. அஸ்காட் தொப்பிகளைப்பற்றி இத்தனை எழுதுகிறவர்கள் இந்த ஒரு தொப்பியைப்பற்றி எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் உருப்படியான வேலை செய்தது அதுதான்.

காலின்ஸ்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். சட்டப்படி அக்குற்றத்துக்குள்ள தண்டனை தூக்கிலிட்டு, உடலை நாற்கூறாக வெட்டுவது. நியாயஸ்தலத்தில் அந்தத் தீர்ப்பே வாசிக்கப்பட்டது. பிறகு மன்னர் கருணை புரிந்து, ஆயுள் முழுதும் நாடுகடத்தும்படி தண்டனையை மாற்றினார். ஒற்றைக்கால் கிழவனைக் கப்பலேற்றி உலகத்தின் மறுகோடியிலுள்ள வான் டீமன்ஸ் லாந்து தீவுக்கு அனுப்பினார்கள். அத்தீவுக்கு இப்போது டாஸ்மேனியா என்று பெயர். 1833-ல் அங்கேயே இறந்தான். கல்லெறிந்தது தவறுதான், கல்லெறிவோரை நாம் ஆதரிக்கிறவரல்லர். ஆனால் மனுவின்மேல் மனுவாக எழுதிப் பதிலே பெறாத மனிதனை அறியாத வக்கீல் நமது நாட்டில் ஒருவரும் இரார். அவன் கடைசியில் எங்கே போய் நிற்பான்? தன் மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரைக் கண்ணாற் காணக் கிடைக்கும் இடத்துக்குத்தான் போவான். ஆண்டு முழுவதும் அரண்மனைக்குள் இருப்பவர் அஸ்காட்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

இங்கிலாந்து ஜனங்கள் இந்த விழாவை வெறுக்கிறார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். அடைப்புக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் கட்டணம் கொடுத்து வந்து, புல்லில் உட்கார்ந்து தின்று குடித்து, ஐந்து பவுன் பந்தயம் கட்டி, தோற்று, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். தொப்பி செய்து பிழைக்கும் கைவினைக்காரர்களுக்கு இதுவே அறுவடை மாதம். குதிரைகளோ கண்ணுக்கு விருந்து. 2013-ல் எலிஸபெத் ராணியின் எஸ்டிமேட் என்ற குதிரை தங்கக் கிண்ணப் பந்தயத்தில் வென்றபோது அந்த மூதாட்டியின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி கள்ளமற்றது. 1807-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், பட்டத்திலிருக்கும் மன்னர் ஒருவரின் குதிரை வென்றது அதுவே முதல் தடவை. இதில் எதையும் நாம் மறுக்கவில்லை. அவர்கள் பணம், அவர்கள் மைதானம், அவர்கள் மன்னர். அவர்களிலேயே மனம் பொறாதவர்கள் இருந்திருக்கிறார்கள். 1913-ல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று எமிலி டேவிசன் என்ற மாது எப்ஸம் பந்தயத்தில் மன்னரின் குதிரைக்கு முன்னே பாய்ந்து உயிர் நீத்தாள்; அந்த மாதமே அஸ்காட்டிலும் ஒருவன் வாக்குரிமைக் கொடியோடு ஓடும் குதிரைகளுக்கு நடுவே புகுந்து அடிபட்டான். ஸ்திரீகளின் தொப்பிக்கு அங்குலக் கணக்குப் பார்த்த சமூகம் அவர்களுக்கு வாக்குச் சீட்டுக் கொடுக்க 1918 வரையில் யோசித்தது. ஆணுக்குச் சமமாகக் கொடுக்க 1928 ஆயிற்று.

இனி நம்மைத் தொட்ட பாகத்துக்கு வருவோம். 1910 மே மாதம் ஏழாம் எட்வர்டு சக்கரவர்த்தி காலமானார். அடுத்த மாதம் அஸ்காட் வந்தது. பந்தயத்தை நிறுத்தினார்களா? இல்லை. சீமான்களும் சீமாட்டிகளும் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பணிந்து வந்தார்கள். கறுப்புத் தொப்பி, கறுப்பு இறகு, கறுப்புக் குடை. துக்கமும் கெடவில்லை, வேடிக்கையும் கெடவில்லை. ‘கறுப்பு அஸ்காட்’ என்று இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

அதற்கு மறு ஆண்டு, 1911 டிசம்பரில், புதிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் டில்லிக்கு வந்து தர்பார் நடத்தினார். அங்கேயும் உடை விதி இருந்தது. நடை விதியும் இருந்தது. சமஸ்தானாதிபதிகள் நகைகள் பூண்டு வரவேண்டும். சிம்மாசனத்துக்கு முன்னே குனிந்து வணங்க வேண்டும். பிறகு மன்னருக்கு முதுகு காட்டாமல் பின்வாங்கி நடக்க வேண்டும். பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வார் ஆபரணமின்றி எளிய வெள்ளுடையில் வந்தார். ஒரு முறை குனிந்தார். திரும்பி முதுகைக் காட்டி நடந்து போனார். ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. மகாராஜா பின்னர் வருத்தந் தெரிவித்துக் கடிதம் எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சமஸ்தானத்தைக் காப்பாற்ற வேண்டியவருக்கு வேறு வழி இருந்திராது. வேண்டுமென்றே செய்தாரோ, மறதியோ என்று இன்னும் தர்க்கிக்கிறார்கள். தர்க்கம் கிடக்கட்டும். 1906-ல் தம் ராஜ்யம் முழுவதிலும் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கியவர் அவர். ஊர்தோறும் புத்தகசாலை வைத்தவர். அம்பேத்கர் அமெரிக்காவுக்குச் சென்று படிக்கப் பொருளுதவி செய்தவர். அவர் உடுத்திய வெள்ளுடையை நாம் நினைவில் வைத்திருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

1939-ல் அவர் இறந்தபின் பட்டத்துக்கு வந்தவர் பேரன் பிரதாப் சிங். அவருக்குக் குதிரைகள்மீது பிரீதி. 1945-ல் இங்கிலாந்தில் ஓராண்டுக் குட்டி ஒன்றை 28,000 கினிக்கு வாங்கினார். அதுவரையில் அத்தகைய குட்டி எதற்கும் அவ்வளவு விலை கொடுத்தவர் இல்லை. ஒரு கினி 21 ஷில்லிங். அக்காலத்து ரூபாய் ஒன்றரை ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 3,92,000 ரூபாய். வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்து அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. குடிகளின் வரியைத் தவிர ஒரு சமஸ்தானாதிபதியின் கைக்கு வேறு எந்த வழியில் பணம் வருகிறது என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம். குட்டிக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? சயாஜிராவ்!

குதிரை நல்ல குதிரைதான். அதன்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. 1947-ல் அயர்லாந்து டெர்பியில் வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில், பஞ்சாபில் அகதிகளின் வண்டித் தொடர் சாலையை அடைத்துக்கொண்டு நகர்ந்த மாதத்தில், டான்காஸ்டர் நகரத்து செயிண்ட் லெஜர் பந்தயத்தில் வென்றது. 1948 ஜூனில் அஸ்காட் ராஜ பந்தயத்தில் ஹார்ட்விக் பரிசை வென்றது. ஆக, வெள்ளையுடையுடன் வந்து முதுகைக் காட்டிப் போன பாட்டனாரின் பெயர், முப்பத்தேழு ஆண்டு கழித்து ஐந்தாம் ஜார்ஜின் மைந்தர் ஆட்சியில், அஸ்காட் நேர்பாதையில் நாலுகாலில் ஓடிற்று. சீமான்கள் தொப்பியை உயர்த்தி ஆரவாரித்திருப்பார்கள். பேரனுக்குப் பாட்டன்மீது பக்தியில்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1949-ல் பரோடாவில் ஏற்பட்ட சர்வகலாசாலைக்கும் அதே பெயர்தான். அது அமைவதற்குப் பேரனும் துணைநின்றார் என்பதை மறைப்பது தர்மமன்று. குதிரைக்கு எந்த நினைப்போடு அப்பெயரை வைத்தாரோ, சர்வகலாசாலைக்கும் அதே நினைப்போடுதான் வைத்திருப்பார். இரண்டும் அவருக்கு ஒரே தரத்தனவாகத் தோன்றின என்பதுதான் நம்மை உறுத்துகிறது. அந்த 1949-ல் பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. 1951-ல் இந்திய சர்க்கார் பிரதாப் சிங்குக்கு அளித்திருந்த அரச அங்கீகாரத்தை ரத்துசெய்தது.

அவர் ஒருவரல்லர். 1934-ல் எப்ஸம் டெர்பியை வென்ற குதிரை ராஜபிப்ளா மகாராஜாவுடையது. இந்த மகாராஜாக்களெல்லாம் குதிரைகளை நேசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் தம் பிரஜைகளுக்கு முன்னே யாரும் நெருங்க முடியாத உயரத்தில் நின்றவர்கள், சர்ச்சில் பிரபுவின் மூன்று கூடைகளில் எந்தக் கூடையில் தம் பெயர் விழுமோ என்ற கவலைக்கும் உரியவர்களாயிருந்தார்கள். பரிசுக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தால் அந்தக் கவலை தீரும். அதற்கான செலவைப் பரோடாவிலும் ராஜபிப்ளாவிலும் பருத்தி விதைத்தவன் கொடுத்தான். அவனுக்கு அஸ்காட் எங்கேயிருக்கிறதென்று தெரியாது.

இப்போது அஸ்காட் விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டார் தத்தம் தேசத்துச் சம்பிரதாய உடையில் ராஜ அடைப்புக்குள் வரலாம். பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமும் அணிந்து வருபவரை வாசற்காரன் தடுக்க மாட்டான் என்று நம்புகிறோம். நமது நேயர் போய்ப் பார்க்க விரும்பினால் நமக்கு ஆட்சேபணையில்லை.

படங்களைப்பற்றி அவர் கேட்டதற்கு வருவோம். அடுத்த ஜூனில் ஒரு படம் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம். நல்ல தொப்பியாகப் பார்த்தே வெளியிடுவோம். அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், டென்னிஸ் காலின்ஸ் தன் உபகாரச் சம்பளத்துக்காக மனுச் செய்த கதையும், சயாஜிராவ் என்ற குட்டியை வாங்கிய 3,92,000 ரூபாய்க் கணக்கும் இருக்கும். இதற்குச் சம்மதமாவென்று நேயர் ஒரு கார்டு எழுதித் தெரிவிக்கட்டும்.